வழுக்காத சக்கரம்

கடலை நான் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் போவதில்லை. ராமேஸ்வரம் போய் முழுகிவிட்டு வரலாம் என்று யாராவது கூப்பிட்டால், முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லிவிடுவேன். ஆனால் கடலில் மீன் பிடிக்கிற கோல் எப்படி இருக்க வேண்டும், அதில் மாட்டுகிற சக்கரம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கரையிலேயே பிறந்தவன்கூடச் சொல்லாத அளவுக்குச் சொல்வேன். சங்ககிரிக்குப் பக்கத்தில் சோளக்காட்டில் வளர்ந்தவனுக்கு இந்தப் படிப்பு எதற்கு வந்தது என்றால், கூடப் பிறந்த அண்ணனைக் கொல்வதற்கு வந்தது. சுற்றி வளைத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மேட்டூரில் அணை கட்டி முடித்த புதிது. சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் வெட்டுகிற ஒரு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். கம்பெனியை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு அண்ணன் கார் ஓட்டினான். நான் பட்டறையில் பிட்டர். அண்ணன், அண்ணன் மனைவி, நான் மூன்று பேரும் கம்பெனி லயன் வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தோம். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்று கூப்பிடுவோம். வயதில் எனக்கு இளையவர், முறையில் பெரியவர். நானும் அவரும் ஒருவருக்கொருவர் ‘ங்க’ போட்டுத்தான் பேசிக்கொள்வோம்.

எனக்குக் கை சும்மா இருக்காது. கடிகாரம், லாந்தர், தையல் மிஷின் என்று எது கண்ணில் பட்டாலும் கழற்றிப் பார்த்தால்தான் சோறு இறங்கும். அண்ணன் வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வி, “என்ன சாமி, இன்னைக்கு எதைக் கழட்டிப் போட்டே?” என்பதுதான். கேலி செய்வானே தவிர, ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பீற்றிக்கொள்வதும் அவன்தான். தம்பி கையில் கொடுத்தால் செத்த மோட்டாரும் எழுந்து ஓடும் என்பான். அதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் தலையில் கனம் ஏறிவிட்டது. பொய் சொல்வானேன்.

துரைக்கு மீன் பைத்தியம். அதுவரைக்கும் காவிரியில்தான் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருஷம் ஒரு பெரிய மீன் அவர் கையிலிருந்து கோலையே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கடலூரில் அவருடைய சிநேகிதர் ஒருவர் மோட்டார் படகு வாங்கி, வா என்று கடிதம் எழுதினார். கரையை ஒட்டியே படகை மெதுவாக ஓட்டுவார்களாம். பளபளவென்ற தகட்டைத் தூண்டிலில் கோத்துப் பின்னால் இழுத்துக்கொண்டே போவார்களாம். மீன் அதைக் குஞ்சு மீன் என்று நினைத்துத் துரத்தி வந்து கவ்வுமாம். அண்ணன் வந்து இதைச் சொன்னபோது, உழுத காட்டில் மாடு பூட்டிப் பரம்புப் பலகை இழுக்கிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

மதராஸ் கடையிலிருந்து இரண்டு கோலும் இரண்டு சக்கரமும் வந்தன. ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பிவிடலாம். எதை வைத்துக்கொள்வது என்று பார்த்துச் சொல்லும்படி துரை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்று ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு, கரும்புத் தோகை போல வளைந்தது. சக்கரம் சின்னது. இன்னொன்று என் உயரம்தான் இருக்கும், உலக்கைக் கனம், லேசில் வளையவில்லை. அதன் சக்கரம் பெரியது, பக்கத்தில் ஐந்து கை வைத்த நட்சத்திரம் போல ஒரு திருகு.

ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் ஒரு திருகாணியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நங்கை ஒரு சட்டியில் கல்லுப்பை அள்ளிப் போட்டுக் கரைத்துக் கொடுத்தார். கடல் தண்ணீர் இவ்வளவு கரிக்குமா என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும், இதைவிட அதிகமாகத்தான் இருக்கும் என்றேன். இரண்டு நாள் ஊறவிட்டு எடுத்தால், சின்னச் சக்கரத்தின் ஆணி செம்மண் நிறத்துக்குத் துரு ஏறிக் கிடந்தது. பெரியதன் ஆணி பித்தளை, மேலே வெள்ளை முலாம், துடைத்ததும் புதிதாக மின்னியது.

அடுத்தது இழுத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் கடலுக்கு எங்கே போவது? ஓமலூர் ரோட்டில்தான் பார்த்தோம். அண்ணன் காரை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டினான். துரை காரின் மேல்மூடியை மடக்கிவிட்டுப் பின் சீட்டில் நின்றுகொண்டு கோலைப் பிடித்தார். நூல் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்னால் வந்த மீன் நான்தான். அவர் சைகை காட்டியதும் நான் எதிர்ப்பக்கம் திரும்பி ஓட வேண்டும். கடலைக்காட்டில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். எங்க காட்டுக்குள்ளயும் மீனு இருக்குதுங்களா என்று ஒருத்தி கேட்க, அண்ணன் சிரித்த சிரிப்பில் கார் வரப்பில் ஏறிவிட்டது.

நெட்டைக் கோலில் நான் ஓடியபோது கோல் வில்லாக வளைந்து நூல் பட்டென்று அறுந்தது. குட்டைக் கோலில் பலம் கொண்ட மட்டும் இழுத்தேன். நூல் அறவில்லை. சக்கரம் கர்ரென்று சத்தம் போட்டு வழுக்கிக்கொண்டே நூலை விட்டுக்கொடுத்தது. புளியமரம் வரைக்கும் ஓடினேன், கூடவே வந்தது. துரைக்கு ஏக சந்தோஷம். அந்த நட்சத்திரத் திருகைத் தட்டிக்காட்டி இங்கிலீஷில் ஏதோ விளக்கினார். அண்ணன் புரிந்த மாதிரி தலையாட்டினான். நானும் ஆட்டினேன். பட்டறையில் கைகாரன் என்று பேர் வாங்கியவன், இது என்னங்க என்று கேட்டால் மானம் போய்விடுமே! அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

குட்டைக் கோலையே வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னேன். அது சரியான முடிவு. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் சக்கரம் வழுக்குகிறதே என்ற உறுத்தல் மட்டும் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கவலை இறைத்துத்தான் வெள்ளாமை. தோல் சால் கிணற்றுக்குள் போய் நீர் மொண்டுவர, மாடுகள் சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். ஓட்டுகிற ஆள் பாரத்துக்காக அந்த வடத்தின் மேலேயே உட்கார்ந்து போவார். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு நாள் வடத்தின் முடிச்சு வழுக்கிவிட்டது. மாடுகள் முன்னங்கால் மடங்கி விழுந்தன. மேலே உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு இடுப்பு போனது. அதற்குப் பிறகு அவர் நேராக நடக்கவில்லை. முடிச்சை இறுக்கிவிடுவது அன்றைக்கு என் வேலையாக இருந்தது. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றிலிருந்து நான் கட்டுகிற கட்டும் முடுக்குகிற திருகும் வழுக்கக் கூடாது என்று ஒரு வெறி.

துரை ஒரு தோல் வார் செய்யச் சொல்லியிருந்தார். இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும், கோலின் அடியை ஊன்ற அதில் ஒரு குழி வேண்டும், காவிரியில் போனது போல இந்தக் கோலும் போய்விடாமல் சக்கரத்தை வாரோடு சேர்த்துப் பூட்ட இரண்டு கொக்கி வேண்டும். எருமைத் தோலில் நன்றாகவே செய்தேன். அதோடு விட்டிருந்தால் போதும். புறப்படுவதற்கு முந்தின நாள் சக்கரத்தையும் பிரித்தேன்.

உள்ளே தோல் வில்லை, பித்தளை வில்லை, தோல் வில்லை என்று மாற்றி மாற்றி அடுக்கியிருந்தது. எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. எண்ணெய் இறங்கித் தோல் கெட்டுவிட்டது, அதனால்தான் வழுக்குகிறது என்று முடிவு கட்டினேன். பித்தளையை மண்ணெண்ணெயில் கழுவி உப்புத்தாளில் தேய்த்தேன். பழைய சால் தோலில் கெட்டியாகப் புது வில்லைகள் வெட்டிப் போட்டேன். நட்சத்திரத் திருகை முடிகிற வரைக்கும் முடுக்கி, தளராமல் இருக்க ஒரு சொட்டு ஈயமும் வைத்தேன். அண்ணன் நூலைத் தூணில் கட்டிவிட்டு இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான்.

“அசையலயே சாமி!” என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

மறுநாள் விடியற்காலையில் கார் புறப்பட்டது. மூன்றாம் நாள் தந்தி வந்தது.

நடந்ததைப் பிறகு துரையே சொன்னார். கம்பெனி குமாஸ்தா தமிழில் எடுத்துச் சொன்னார். படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் துரைக்குக் குமட்டல் வந்துவிட்டது. வாரைக் கழற்றி அண்ணன் இடுப்பில் கட்டி, கோலையும் பூட்டி, நீ பிடி என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார். தண்ணீரில் நூல் விடுவதற்கு வேறொரு விசை உண்டு. அது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அண்ணன் சந்தோஷமாக ஏதோ பாடிக்கொண்டிருந்தானாம். பெரிய மீன் கவ்வியது. படகு முன்னால் ஓடுகிறது, மீன் பின்னால் இழுக்கிறது. நூலை விட்டுக்கொடுத்திருக்க வேண்டிய சக்கரம் கொடுக்கவில்லை. அண்ணன் நின்ற இடத்திலிருந்து அப்படியே பின்பக்கமாகத் தண்ணீரில் போனான். எங்கள் கிணற்றில் தலைகீழாகப் பாய்ந்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருகிறவன் அவன். கொக்கியைக் கழற்றக் கை எட்டவில்லையோ, இறுகிக்கொண்டதோ, எனக்குத் தெரியாது. படகைத் திருப்பிக்கொண்டு வந்து நூலைப் பிடித்து இழுத்துத்தான் அவனை எடுத்தார்கள். மீன் தூண்டில் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போயிருந்தது.

உப்புத் தண்ணீர் பட்டுச் சக்கரம் இறுகியிருக்கும், கையில் கொடுக்குமுன் நான் பார்த்திருக்க வேண்டும், என் தப்பு என்று துரை அழுதார். வெள்ளைக்காரன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இல்லைங்க, நான் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் பாரம் இறங்கியிருக்கும். ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டுவிட்டுச் சீமைக்குப் போய்விட்டார். அந்தப் பழியைச் சுமந்துகொண்டே போனார். நான் சுமக்க விட்டேன்.

ஊரில் வைத்துக் கருமாதி முடிந்தது. அண்ணனின் பெட்டி, காக்கி உடுப்பு எல்லாவற்றோடும் கோலும் சக்கரமும்கூட வந்திருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி யாரோ அனுப்பிவிட்டார்கள். நல்ல வெயில் நேரம். நான் சக்கரத்தை எடுத்துக்கொண்டு கவலைக் கிணற்று மேட்டுக்குப் போய் உட்கார்ந்தேன். துரு பிடித்திருக்க வேண்டும், எங்காவது ஒரு பல் உடைந்திருக்க வேண்டும், துரை சொன்னதுபோல உப்பு இறுகியிருக்க வேண்டும் என்று தெய்வத்தை எல்லாம் வேண்டிக்கொண்டுதான் பிரித்தேன்.

ஒன்றும் இல்லை. உப்புக்கூட உள்ளே போகவில்லை. பல்லெல்லாம் முழுசாக இருந்தது. ஈயச் சொட்டு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. சால் தோல் வில்லைகளில் ஒரு கீறல் இல்லை. மயிரிழைகூட அவை நகரவில்லை. இவ்வளவு சுத்தமான வேலையை என் ஆயுசில் நான் செய்ததில்லை.

நங்கை எப்போது வந்து நின்றார் என்று தெரியாது. தாலி எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. வெள்ளைச் சீலையில் அவரை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தெம்பில்லை. என் மடியில் கிடந்த சாமான்களையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, அது ஒடஞ்சு போச்சுங்களா?” என்று கேட்டார்.

ஆமாங்க என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் அவருக்கும் ஒரு நிம்மதி, எனக்கும் ஒரு தப்பிப்பு. வாயைத் திறந்தும்விட்டேன். அதற்குள் அவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

“இருக்காதுங்க. அது ஒடையாது. கார் ஏறறப்ப நான் பயந்துக்கிட்டுக் கேட்டனுங்க, கடலெல்லாம் வேண்டாமேன்னு. அதுக்கு அவுரு சிரிச்சுக்கிட்டே சொன்னாருங்க. தம்பி இறுக்கிக் குடுத்திருக்கறான், இனி அது என்னைய உடாதுன்னு.”