வெள்ளிக்கிழமை வாய்தா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்தபோது, முதல் சில மாதங்கள் சட்டம் எதுவும் சொல்லித்தரவில்லை. சொற்களைத்தான் சொல்லித்தந்தார்கள். வாதி என்றால் வழக்குப் போட்டவர், பிரதிவாதி என்றால் மாட்டிக்கொண்டவர். தீர்ப்பு வேறு, டிக்ரி வேறு. தீர்ப்பில் நீதிபதி காரணம் சொல்வார். டிக்ரியில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் இதற்கு மரியாதை இல்லை. கல்யாணம் ஆகும்வரை பெண் எதையாவது படித்துக்கொண்டிருக்கட்டும் என்பது அப்பாவின் கொள்கை. தையல் வகுப்பும் சட்டக் கல்லூரியும் அவருக்கு ஒன்றுதான்.

அந்த வருஷம்தான் தி.நகரில் வாழ்க்கைப்பட்டிருந்த என் அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். "அவர் கை நீட்டறார்" என்றாள். "எல்லாம் சரியாப் போயிடும்" என்றார் அப்பா. அவள் முழங்கையில் இருந்த காயத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு மோர் கேட்டார். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் முழுசாக இன்னும் தீரவில்லை.

அத்திம்பேர் வழக்குப் போட்டார். மனைவி தகுந்த காரணமில்லாமல் பிரிந்துபோய்விட்டாள், வந்து சேர்ந்து வாழ உத்தரவிட வேண்டும் என்று மனு. குடும்ப நீதிமன்றத்தில் வாதி, பிரதிவாதி கிடையாது, மனுதாரர், எதிர்மனுதாரர். அக்கா எதிர்மனுதாரர் என்று விளக்கினேன். "ஆத்துக்காரனுக்கு எதிரா ஒரு பட்டம் வேறயா?" என்றார் அப்பா. அக்காவுக்குப் பட்டத்தைப் பற்றிக் கவலையில்லை. திரும்ப அங்கே அனுப்பிவிடுவார்களோ என்ற ஒரே பயம்தான்.

வாய்தா வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். முன்னாடியே போய் உட்கார்ந்துவிடலாமே என்றேன். உட்காருவது கணக்கில்லை, பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நிற்பதுதான் ஆரம்பம், அது ராகு காலத்தில் ஆகாது என்றார் அப்பா. இவ்வளவு நுணுக்கமாக வாதாட எங்கள் கல்லூரியில் யாருக்கும் வராது. "ஜட்ஜாத்துலயும் பஞ்சாங்கம் இருக்கும். பன்னண்டுக்கு மேல போய்ச் சொன்னா புரிஞ்சுப்பார்" என்றார்.

கல்லூரியை ஒட்டித்தான் ஹைகோர்ட் வளாகம், குடும்ப நீதிமன்றமும் அதற்குள்தான். நான் போய் வராந்தாவில் நின்றேன். டவாலி அக்காவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். அந்த நேரத்தில் அக்கா புடவை கட்டித் தயாராக, மயிலாப்பூரில் கூடத்துக் கடிகாரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதிலாக நான் குரல் கொடுக்க எனக்கு உரிமையில்லை. அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. அது இரண்டாம் வருஷப் பாடம். தன் கேஸுக்காகக் குழந்தையோடு காத்திருந்த ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னாம்மா, உங்க ஆளு வரலியா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறாள் என்று பொய் சொன்னேன்.

பன்னிரண்டுக்கு மேல் அப்பா அக்காவை அழைத்துக்கொண்டு வந்தபோது எங்கள் கேஸ் முடிந்திருந்தது. எதிர்த்தரப்பு வராவிட்டால், வந்தவர் சொன்னதை வைத்தே முடிவு செய்வார்கள். அதன் பெயர் எக்ஸ் பார்ட்டி. பரீட்சைக்கு இதை நான் படிக்க வேண்டியிருக்கவில்லை. சில வாரங்களில் டிக்ரியும் வந்தது: அக்கா போய்ச் சேர்ந்து வாழ வேண்டும்.

"கோர்ட்டே சொல்லிடுத்து" என்று அப்பா பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினார். "நாளைக்குக் கார்த்தால கொண்டு விடறேன்."

எக்ஸ் பார்ட்டியை ரத்து செய்ய மனுப் போடலாம் என்றேன். அப்பா பெட்டியைத் துடைத்தார். டிக்ரி இருந்தாலும் ஆளைப் பிடித்து இழுத்துப்போக எந்தக் கோர்ட்டாலும் முடியாது, மிஞ்சிப்போனால் அவள் சொத்தை ஜப்தி செய்யலாம் என்றேன். அக்காவின் சொத்து ஒரு சுருதிப் பெட்டி. அதிலும் காற்று ஒழுகும்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றேன். "டிக்ரிக்கு அப்புறம் ஒரு வருஷம் சேராமலே இருந்துட்டா, ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் விவாகரத்து கேக்கலாம்."

அக்கா நிமிர்ந்தாள். "நானுமா?"

"நீயும்தான்."

"அப்போ ரத்து கித்து ஒண்ணும் வேண்டாம். ஒரு வருஷம் சும்மா உக்காந்துண்டிருந்தா போறும், இல்லையா?"

"எந்த ஆத்துல உக்காரப்போறே?" என்றார் அப்பா.

அம்மா சமையலறையிலிருந்து வந்தாள். அக்கா வந்த நாளிலிருந்து இந்த விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போதும் அப்பாவைப் பார்க்காமல் எங்களிடம்தான் பேசினாள்.

"நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி நானும் ஒரு தரம் எங்காத்துக்குத் திரும்பிப் போனேன். மறுநாளே எங்கப்பா கொண்டுவந்து இந்த வாசல்ல விட்டுட்டுப் போனார். இதெல்லாம் எடுத்துச் சொல்ல அங்க யாரும் இல்லை."

அப்பா யாரையும் பார்க்கவில்லை. துணியைக் கீழே போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா அந்த வருஷம் முழுக்க எங்களோடுதான் இருந்தாள்.