"நீ" சொல்ல வராத கேப்டன்

அந்தெல்ம் பெருசே பதினாறு வயதில் பிரெஞ்சு அரசரின் படையில் சேர்ந்தபோது, அவரை வரிசையில் நிறுத்திய லெப்டினன்டுக்கு மீசைகூட முளைத்திருக்கவில்லை. "டேய், நீ! குதிகால ஒட்டி வையி" என்றான் அந்தப் பிரபு வீட்டுப் பிள்ளை. சணல் சிக்கெடுப்பவரின் மகனுக்கு அது புதிதல்ல. ஆனால் பதினேழு ஆண்டுகள் ஓடி, தொடையில் ஒரு குண்டும் தோளில் சார்ஜென்ட் பட்டையும் ஏறிய பிறகும் அந்த "நீ" அவரை விட்டபாடில்லை. தான் அதிகாரியானால் ஒருவரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை என்று பெருசே உறுதி எடுத்துக்கொண்டார். அதிகாரியாவதற்கு நான்கு தலைமுறைப் பிரபு ரத்தம் வேண்டும் என்பது அன்றைய விதி. ஆகவே உறுதிமொழியால் யாருக்கும் தொந்தரவில்லை.

பிறகு புரட்சி வந்தது. 1792இல் பெருசேயின் சொந்த ஊரான பெல்லேயில் தொண்டர்கள் கம்பெனி திரட்டி, கேப்டனைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரிந்தவர் ஒருவர்தான் என்பதால் போட்டி கடுமையாக இல்லை. மறுநாள் காலை பெருசே, செருப்புத் தைக்கும் துர்னியேவிடம், "நீங்க கொஞ்சம் இடதுகால முன்னால வைக்கிறீங்களா?" என்றார். பின்னால் யாராவது பெரிய மனிதர் நிற்கிறாரோ என்று துர்னியே திரும்பிப் பார்த்தான்.

அவர் திட்டுவதும் அப்படித்தான். "உங்கள மாதிரி ஒரு சோம்பேறிய நான் பார்த்ததில்லீங்க." ரைன் நதிக்கரையில் பக்கத்துக் கம்பெனிகள் ஓடிய நாளில் பெருசேயின் கம்பெனி மட்டும் நின்றது. "'தயவுசெஞ்சு நில்லுங்க'ன்னு ஒரு மனுஷன் கேக்கறப்ப எப்படி ஓடறது?" என்றான் துர்னியே.

அடுத்த ஆண்டு இறுதியில் சுற்றறிக்கை வந்தது. குடிமக்கள் அனைவரும் சமம். "நீங்கள்" என்பது அடிமைத்தனத்தின் மிச்சம். இனி எல்லோரும் எல்லோரையும் "நீ" என்றே அழைக்க வேண்டும். எண்பத்து மூன்று வீரர்களும் அன்றே கேப்டனிடம் அதைச் சொல்லிப் பார்த்தார்கள். வாய்க்கு இதமாக இருந்தது. "சொல்லுங்க" என்றார் கேப்டன்.

கேப்டன் பதவிமேல் கண் வைத்திருந்த லெப்டினன்ட் பிரிசாருக்கு இது போதும். பாரீஸிலிருந்து மக்கள் பிரதிநிதி முகாமுக்கு வந்ததும் புகாரை நீட்டினார்: பெருசே மனத்தளவில் பிரபு. இதைவிடச் சின்ன விஷயங்களுக்குத் தளபதிகளின் தலையே போய்க்கொண்டிருந்த காலம்.

கம்பெனிக்குப் பிராந்தி விற்கும் கத்தோ விசாரணைக்கு முன் அவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு எழுத்துய்யா! சொல்லித் தொலையேன். கழுத்தவிடவா பெருசு?"

"குதிரகிட்ட சொல்லிப் பார்த்தேங்க. 'நீங்க'ன்னுதான் வந்துச்சு."

"குதிர என்ன சொல்லிச்சு?"

"அதுக்குப் பிடிச்ச மாதிரிதான் தெரிஞ்சுது."

களஞ்சியத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பிரதிநிதிக்குச் சிரிப்புப் பழக்கமில்லை. "ஆளுங்கள நீ 'நீங்க'ன்னு கூப்பிடறியாமே?"

"ஆமாங்க."

"அந்த 'ங்க'வயும் சேர்த்துத்தான் கேக்கறேன்."

"மன்னிச்சுக்குங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரதிநிதி துர்னியேவைக் காட்டினார். "இவன ஒருதடவ 'நீ'ன்னு கூப்பிடு. விட்டுடறேன்."

பெருசே வாயைத் திறந்தார். ஒரு எழுத்து, அது தொண்டைவரை வந்து, மீசை முளைக்காத அந்தப் பையனின் குரலில் நின்றது. "முடியலீங்க. பதினேழு வருஷம் நான் வாங்குன வார்த்த அது. இவருக்கு அதக் குடுக்க மனசு வரல."

பிரதிநிதி பேனாவை மையில் தோய்த்தார்.

"ஒரு சந்தேகம்," என்றான் துர்னியே. "'நீங்க'ன்னு சொல்றவன் பிரபுவா, சொல்ல வச்சு வாங்கிக்கறவன் பிரபுவா?"

"வாங்கிக்கறவன்தான். இதுல என்ன சந்தேகம்?"

"அப்ப எங்க எண்பத்து மூணு பேரயும் புடிச்சு உள்ள போடணும். இந்தக் கம்பெனில 'நீ' மட்டுமே வாங்கற ஒரே ஆளு கேப்டன்தான்."

பிரதிநிதி பிரிசார் பக்கம் திரும்பினார். "உன்னயும் 'நீங்க'ன்னுதான் கூப்பிட்டானா? எத்தன நாளா?"

"ஒன்றர வருஷமா."

"இவ்வளவு நாள் ஏன் வாயத் திறக்கல?"

பிரிசார் தன் தொப்பியைப் பார்த்தார். "கேக்க நல்லா இருந்துச்சு."

சுற்றறிக்கையையும் மீற முடியாது. சண்டைக்கு நிற்கிற ஒரே கம்பெனியின் கேப்டனையும் இழக்க முடியாது. பிரதிநிதி நெடுநேரம் யோசித்து ஒரு வரி எழுதினார்: "நாக்கில் குறை. பதவியில் நீடிக்கலாம்."

தலை தப்பியது. அந்த வரி மட்டும் அவர் மாறிப்போன படைகளுக்கெல்லாம் கூடவே பயணம் செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பதவி உயர்வுக்கு அவர் பெயர் வந்த போதெல்லாம், நாக்கில் குறையுள்ளவர் ஒரு பட்டாளத்துக்கே எப்படிக் கட்டளையிடுவார் என்று பட்டியலிலிருந்து நீக்கினார்கள். குறை இல்லையென்று ஓர் அதிகாரிகள் குழுவின் முன் நிரூபித்தால் போதும், மேஜராகிவிடலாம் என்றார்கள் ஒருமுறை. ஒரு சிப்பாயை வரவழைப்பார்கள், அவனிடம் பெருசே "நீ" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

கேப்டன் பெருசே மிகுந்த மரியாதையோடு மறுத்துவிட்டார்.