கோர்ஜ் என்றால் தொண்டை

பிரான்சுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் கற்றுக்கொண்ட சொற்களில் ஒன்று கோர்ஜ். தொண்டை கட்டிக்கொண்டு மருந்துக்கடையில் நின்றபோது பேச்சு வராமல் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். கடைப் பெண் “கோர்ஜ்?” என்று கேட்டாள், தலையாட்டினேன். பிறகு சமையல்கூடத்தில் வேலை கிடைத்து, தெற்கே மியோ என்ற இந்தச் சிறிய ஊருக்கு வந்தேன். ஊர் எல்லையில் ஒரு வழிகாட்டிப் பலகை, மலையைப் பார்த்து அம்புக்குறி போட்டு, அதே சொல்லை எழுதி வைத்திருந்தது. மலைக்குக்கூடவா தொண்டை கட்டும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஆறு பாறையை அறுத்துக்கொண்டு போகிற இடுக்குப் பள்ளத்தாக்குக்கும் இவர்கள் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எட்டு வருடமாக அந்தப் பலகையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

தார்ன் என்பது ஆற்றின் பெயர். இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, அடியில் பச்சைத் தண்ணீர், அதை ஒட்டி ஒரு குறுகிய சாலை. வளைந்து வளைந்து மேலே ஏறினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம், காய்ந்த புல், செம்மறி ஆடுகள். நம் பக்கத்தில் செஞ்சிப் பாறைமேல் பெய்த மழை வழிந்து ஏரிக்கு வரும், ஏரி நிரம்பினால் ஊரே கரைக்குப் போய் வேடிக்கை பார்க்கும். இங்கே எவ்வளவு பெய்தாலும் மேலே ஒரு குட்டைகூட நிற்காது. எல்லாம் கல்வெடிப்பில் இறங்கி, கீழே ஆற்றங்கரையில் ஊற்றாக வெளியே வரும். அந்த மேட்டுநிலத்தை இவர்கள் கோஸ் என்பார்கள். ஒருமுறை போனில் அக்காவிடம், லீவு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோஸ் மேல் ஏறினேன் என்று சொல்லிவிட்டேன். “கோஸ் மேல ஏறிக்கினு என்னாடா பண்ற? எறங்கி வந்து பொரியல் பண்ணித் துன்னு” என்றாள். அன்று லைன் சரியில்லை, அவள் சொன்னதெல்லாம் இரண்டு தரம் கேட்டது. அதைச் சொன்னதும் இன்னும் சிரித்தாள். “ஒரு தபா திட்டுனா ரெண்டு தபா கேக்குதா? நல்லதா போச்சு, எனக்கு வேல மிச்சம்.”

செல்வி அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பதினொன்றாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் அவளுக்கு வந்தபோது, எங்கள் தெருவுக்கே சைக்கிள் வந்த மாதிரி இருந்தது. நான் பின்னால் உட்கார்ந்து இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொள்வேன். மயிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து திண்டிவனம்வரை அவள்தான் மிதிப்பாள். ஒரு நாள்கூட என்னை மிதிக்க விட்டதில்லை, தன் சைக்கிள்மேல் அவ்வளவு பிடிவாதம். எதிரே ஆடு இருந்தாலும் மணி அடிப்பாள், ஒன்றுமே இல்லாவிட்டாலும் அடிப்பாள். காது வலிக்குது என்று சண்டை போடுவேன். கேட்கவே மாட்டாள்.

போன வருடம் அவளுக்குத் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். அம்மா ஒவ்வோர் அமாவாசைக்கும் மேல்மலையனூர் போய் அங்காளம்மனிடம் அழுதுவிட்டு வந்தாள். புதுச்சேரியில் ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்தார்கள். உயிர் தங்கியது, குரல் போய்விட்டது. திண்டிவனத்தில் ஆட்டோ ஓட்டுகிற மாமா, அக்காவின் கணவர், வெளியே அதிகம் பேசாத மனிதர். அவர் எங்கள் வீட்டில் துருப்பிடித்துக் கிடந்த அந்தச் சைக்கிளின் மணியைக் கழற்றி, எண்ணெய் போட்டு, அவள் கட்டில் சட்டத்தில் மாட்டிவிட்டார். தண்ணீர் வேண்டுமென்றால் அவள் மணி அடிப்பாள். பிறகு அதுவே அவள் பேச்சாகிவிட்டது. ஒருமுறை அடித்தால் ஆமாம், இரண்டு முறை அடித்தால் வேண்டாம். முகத்தைக் காட்டமாட்டேன் என்று வீடியோவை அவள் நிறுத்திவிட்டதால், நான் கேள்வி கேட்பேன், அந்தப் பக்கம் மணி பதில் சொல்லும். சாப்ட்டியாக்கா? ட்ரிங். வலிக்குதா? ட்ரிங் ட்ரிங். பொய் சொல்லாத. மறுபடியும் ட்ரிங் ட்ரிங்.

நோய் திரும்பி வந்த சமயத்தில் என் வசிப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. என்னைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஊரில் இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: புது அட்டை வரும்வரை கையில் இருக்கும் தாளோடு இந்த நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி நுழைய முடியாது. இங்கே மனைவி, பள்ளிக்குப் போகிற மகள், வேலை. மூன்று நாள் யோசித்துவிட்டு ஒரு காலையில் போன் செய்தேன். மாமா போனை அவளிடம் வைத்தார். “அக்கா, நான் கெளம்பி வரட்டுமா?” என்று கேட்டேன். பிறகு மணி கேட்டது. ட்ரிங். ட்ரிங். இரண்டு. எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது, அதை மறைக்க விரும்பவில்லை. “சரிக்கா, நீ சொன்னா சரிதான்” என்றேன். மாமா “மச்சான்” என்று ஏதோ ஆரம்பித்தார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று நான் போனை வைத்துவிட்டேன்.

ஒன்பது நாளில் அவள் போய்விட்டாள். சாம்பலை மரக்காணம் கடலில் கரைத்ததாக அம்மா சொன்னாள். பதினாறாம் நாள் காரியத்தை வீடியோவில் பார்க்கச் சொல்லி மாமா செய்தி அனுப்பியிருந்தார். அன்று வழக்கம்போலக் கூட வேலை செய்பவரிடம் சைக்கிளைக் கடன் வாங்கிக்கொண்டு, சிக்னல் கிடைக்காத இடம் என்பதற்காகவே தார்ன் பள்ளத்தாக்குக்குள் போனேன். ஆற்றோடு இரண்டு மணி நேரம் மிதித்து, வளைவுச் சாலையில் ஏறி, கோஸ் மேல் வந்து சேர்ந்தபோது குடிக்கத் தண்ணீர் இல்லை. அந்தக் கல்காட்டில் இருந்த ஒரே பண்ணைவீட்டுக் கதவைத் தட்டினேன்.

ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி செய்து விற்கிற மதாம் ஒருவர் வெளியே வந்தார், அறுபது வயதிருக்கும். புட்டியை நிரப்பிக் கொடுத்துவிட்டு, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். என் பிரெஞ்சு சமையல்கூடத்துப் பிரெஞ்சு, வெங்காயத்துக்கும் உப்புக்கும் போதும், சாவுக்குப் போதாது. என் அக்கா, கோர்ஜ், இறந்துவிட்டாள் என்று மட்டும் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டார். இங்கேயா என்று கேட்டார். தொண்டையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். சைக்கிளா என்றார். இவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாக இருந்தது. ஆமாம், அவளிடம் ஒரு சைக்கிள் இருந்தது என்றேன். அதைச் சொன்னதும் உடைந்து அழுதுவிட்டேன், இத்தனை நாளில் அன்றுதான் அழுதேன்.

அவர் உள்ளே போய், தோட்டத்து லாவெண்டர் பூவை நூல் போட்டுக் கட்டி எடுத்துவந்தார். என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு மேட்டின் விளிம்புக்குப் போனார். கீழே பாதாளத்தில் ஆறு. விளிம்பில் இருந்த குட்டைச் சுவரில் பூவை வைத்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, பள்ளத்தாக்கைக் காட்டி ஏதோ சொன்னார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் அக்கா சைக்கிளோடு இந்தப் பள்ளத்தில் விழுந்து செத்துவிட்டாள் என்று அவர் நினைத்திருக்கிறார். திருத்திச் சொல்ல எனக்கு மொழி இல்லை. உண்மையைச் சொன்னால், மொழி இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அவளுக்காக நான் ஒரு பூகூட வைத்திருக்கவில்லை. மதாம் என் தோளைத் தட்டிவிட்டு, என்னைத் தனியே விட்டுத் திரும்பிப் போனார்.

ஊரில் அந்நேரம் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டிருப்பார்கள். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிளைச் சுவரோரம் கொண்டுவந்து, வந்துட்டேன்க்கா என்று சொல்கிற மாதிரி மணியை ஒருமுறை அடித்தேன். ட்ரிங். எதிர்ப்பாறையில் பட்டு அது திரும்பி வந்தது. ட்ரிங்.

அப்படியே நின்றுவிட்டேன். ஒரு தபா அடித்தால் ரெண்டு தபா.

வரட்டுமா என்று அவளைக் கேட்ட அன்று லைன் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மாமா ‘மச்சான்’ என்றது இரண்டு தரம் கேட்டதா? கேட்ட மாதிரியும் இருக்கிறது, கேட்காத மாதிரியும் இருக்கிறது. அவள் ஒருமுறைதான் அடித்திருந்தால், வா என்று சொல்லியிருக்கிறாள். ஒன்பது நாள் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். மாமா பக்கத்தில்தான் இருந்தார், அவரைக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். வாராவாரம் அவரோடு பேசுகிறேன். “அட்ட வந்துச்சா மச்சான்?” என்று கேட்பார். வந்துவிட்டது, அடுத்த மாதம் வர்றேன் மாமா என்பேன். டிக்கெட் இன்னும் போடவில்லை. ஊருக்குப் போனால் அந்தக் கட்டிலையும் அதில் மாட்டியிருக்கிற மணியையும் பார்க்க வேண்டும், அவர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

லீவு நாளில் தார்ன் பக்கம்தான் போகிறேன். மரக்காணத்தில் கரைந்துபோனவளுக்கு, அவள் பார்த்தேயிராத இந்தக் கல்மேட்டில் எப்போது போனாலும் பூ இருக்கிறது. காய்ந்ததை எடுத்துவிட்டுப் புதிது வைப்பது மதாம்தான். நான் போய் நின்று மணி அடிக்கிறேன். ஒருமுறைதான் அடிக்கிறேன். அது திரும்பி வருவதற்குள் ஒவ்வொரு தடவையும் காதைப் பொத்திக்கொள்கிறேன்.