சுடுதண்ணீர் கேட்ட பெட்டி

கல்முனையிலிருந்து பொத்துவில் போகும் பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்த அந்த ஆய்வுகூடப் பெண்ணின் பெயரை நான் கேட்கவில்லை. அபாயா அங்கி, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, மடியில் நாங்கள் மீனுக்கு ஐஸ் போடுவது போன்ற ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டி. அடிக்கடி மூடியைத் திறந்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை உள்ளே வைத்துப் பார்த்தார்.

நான் மீன் வியாபாரி. பெட்டிக்குள் ஐஸ் இல்லாததைக் கண்டதும் மனம் பொறுக்கவில்லை. என் சாக்கிலிருந்து ஒரு கட்டியை எடுத்து நீட்டினேன்.

"ஐயோ காக்கா, வெச்சிராதீங்க! எல்லாம் செத்து மௌத்தாகிரும்!" என்று அண்ணன் முறை வைத்துத் தடுத்தார்.

"மீன் இன்னொருக்காவும் மௌத்தாகுமா தங்கச்சி?"

அவர் குலுங்கிச் சிரித்தார். "மீனில்ல காக்கா. உசிருள்ள கலங்கள், செல் எண்டு சொல்றது, நம்மட உடம்புல இருக்கிற மாதிரி. டெங்கு வைரஸ் உள்ளுக்குப் போனா பச்சையா மினுங்குற மாதிரி நாங்க மாத்தி எடுத்திருக்கம். நோயாளிட ரத்தத்தப் போட்டுப் பாக்கலாம். ஆனா உடம்புச் சூட்டிலதான் இருக்கணும். செத்தா ஒரு வருஷ வேல போச்சு."

உள்ளே துவாயில் சுற்றியிருந்த சுடுதண்ணீர்ப் போத்தல்கள் மழைக்காற்றில் ஆறிப்போயிருந்தன. அவர் முகம் வாடியது. நிந்தவூரில் பஸ் நின்றதும், ஐஸ்காரனான நான் போத்தல்களோடு தேநீர்க்கடைக்கு ஓடினேன். கொண்டக்டர் திட்டிக்கொண்டே காத்திருந்தார்.

ஒலுவிலில் அவர் பெட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினார். நான் ஜன்னலால் தலையை நீட்டி, "எல்லாரும் சுகமா?" என்று கத்தினேன்.

அவர் நின்று, புறங்கையை உள்ளே வைத்துப் பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் சுகம் காக்கா!"

அவை பிறகு மினுங்கினவா, தெரியாது. இத்தனை வருட வியாபாரத்தில் ஒரு பெட்டிக்குள் இருப்பவர்களை நான் சுகம் விசாரித்தது அன்று மட்டும்தான்.