ஆறு மூலையிலும் ஒரு பெட்டி

அண்ணா கனடாவிலிருந்து வந்து இறங்கியபோது அண்ணியும் பன்னிரண்டு வயது மகளும் கூட வந்தார்கள். அவர்களோடு ஆறு பிளாஸ்ரிக் பெட்டிகளும் வந்தன. ஒவ்வொன்றும் ஒரு சவர்க்காரக் கட்டியளவு, மூடி இறுகப் பூட்டும். தாளிதச் சாமான் போட எனக்குத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று நினைத்து, குசினித் தட்டில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

"மாமி, அது விளையாட்டு," என்றாள் மருமகள்.

அவள் அங்கே சாரணர் இயக்கத்தில் இருக்கிறாள். பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் ஜிபிஎஸ் இலக்கங்களை இணையத்தில் போட வேண்டுமாம். யாரும் அந்த இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு வந்து, பெட்டியைத் தேடி, உள்ளே இருக்கும் சின்னக் கொப்பியில் பெயரெழுதிவிட்டுப் போகலாமாம். குடும்பமாகப் பயணம் போய் ஆறு பெட்டி ஒளித்தால் அவளுக்கு ஒரு சின்னம் கிடைக்கும்.

"எங்கட முள்ளியவளைக்கு ஆர் பிள்ளை இதைத் தேடி வரப்போகினம்?" என்று கேட்டேன்.

"வருவினம்," என்றார் அண்ணா.

காணிக் கதையைச் சொல்லாமல் இதற்கு மேலே போக முடியாது. நான் இருக்கும் இந்த வளவு அப்பா காடு வெட்டி எடுத்தது. எனக்குச் சீதனம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், காணி உறுதிப் பத்திரத்தை மட்டும் அண்ணாவின் பெயரில் எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். எனக்குக் கலியாணமும் நடக்கவில்லை, அதனால் சீதனத்துக்கு ஒருவரும் அவசரப்படவில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்தபோது பின்பக்கம் முழுவதும் பற்றைக்காடு. நில அளவைப் படம் இடம்பெயர்ந்த வழியில் எங்கேயோ போய்விட்டது. உறுதியில் வடக்கே காடு, கிழக்கே காடு என்றுதான் இருக்கிறது. எல்லை எது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் காட்டை நான் முழங்காலில் நின்று பார்த்தவள். பத்து வருடம் மிதிவெடி அகற்றும் வேலை செய்தேன். எங்கள் வளவைத் துப்புரவாக்கிய அணியிலும் இருந்தேன். "உன்ர காணியெல்லே, நீ வேற பக்கம் நில்," என்று பொறுப்பாளர் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒருநாள் உலோகம் தேடும் கருவி கத்தியது. வெடி என்று மூச்சை அடக்கிக்கொண்டு அரை மணித்தியாலம் மண்ணைச் சுரண்டினேன். வந்தது, உள்ளே இரும்புக்கம்பி வைத்து அப்பா புதைத்த எல்லைக்கல். அந்த இடத்திலேயே இருந்து அழுதேன். மற்ற மூலைகளையும் அந்த வேலையில்தான் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அண்ணா ரெலிபோனில், காணியை விற்கலாமோ என்று கேட்டார். "வித்துப் பாருங்கோ. எல்லை காட்ட நான் வரமாட்டன்," என்றேன். எல்லை காட்ட ஆளில்லாமல் நில அளவையாளர் படம் போடமாட்டார், படமில்லாமல் ஒருவரும் வாங்கமாட்டார்கள். அது அண்ணாவுக்கும் தெரியும். கடைசியில், "சரி பிள்ளை, அது உனக்குத்தானே. வரேக்க உன்ர பேருக்கு எழுதித் தாறன்," என்றார். அந்தச் சொல்லை நம்பிப் பின்வளவில் தென்னம்பிள்ளை வைத்தேன்.

பெட்டிகளைக் கோயில் பக்கம் ஒளிக்கலாம் என்று முதலில் வற்றாப்பளைக்குப் போனோம். வீதியோரத்து மரமொன்றின் வேரடியில் மருமகள் ஒரு பெட்டியைச் செருகியதுதான் தாமதம், சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி நின்று சத்தம் போடத் தொடங்கிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தப் பக்கத்தில் ஆளில்லாத பெட்டி கிடந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள், காவல்துறைக்குத்தான் சொல்வார்கள். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்ட மருமகளின் முகம் வாடிப்போயிற்று.

"எங்கட வளவிலயே வைப்பம்," என்றார் அண்ணா. "எங்கட காணி ஆறு மூலைக் காணிதானே. மூலைக்கு ஒண்டு. உனக்குத்தான் இடமெல்லாம் தெரியும், நீயே முன்னுக்கு நட பிள்ளை."

எனக்கு அப்போது ஒரு சின்னச் சந்தேகம்கூட வரவில்லை. பிள்ளையின் முகம் மலர்ந்ததைத்தான் பார்த்தேன். என் தலையில் நானே மண் அள்ளிப் போட்டேன் என்று சும்மா சொல்லவில்லை. அடுத்தநாள் காலை எட்டு மணிக்குத் தொப்பி போட்டுக்கொண்டு, கையில் கத்தியோடு, வெகு உற்சாகமாகத்தான் அதைச் செய்தேன்.

"நான் கால் வைச்ச இடத்தில கால் வையுங்கோ," என்று பழைய பழக்கத்தில் சொன்னேன். மருமகளுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு மூலைக்கும் அவள் பெயர் வைத்தாள். குரங்குகள் இருந்த பாலை மரம் 'குரங்கு மரம்' ஆயிற்று. கறையான் புற்றுக்கு 'மண் கோட்டை'. அப்பாவின் கல்லுக்கு வந்ததும் நான் கருவி கத்திய கதையைச் சொன்னேன். அவள் குனிந்து கல்லைத் தடவிவிட்டு, 'மாமியின் கல்' என்று போனில் பதிந்தாள். அண்ணா கதையைக் கேட்கவில்லை. போனை நீட்டிக்கொண்டு நடந்தபடியே இலக்கம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "உப்பிடி எடுத்தா பத்தடி தள்ளித்தான் காட்டும். இங்க தாங்கோ போனை."

போனைக் கல்லின் மேல் வைத்து, மேலே மறைத்த கொப்பை வெட்டி வானம் தெரியவிட்டு, அசையாமல் காத்திருந்து, மூன்றுதரம் எடுத்துச் சராசரி பார்த்துக் கொடுத்தேன். முதல் நான்கு மூலைகளுக்கும் திரும்ப நடந்து அதேபோல் எடுத்தேன். அண்ணி கைதட்டினா. "எங்கட தங்கச்சி கெட்டிக்காரி," என்றார் அண்ணா. நான் வெட்கப்பட்டுச் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது அந்தச் சிரிப்பை நினைத்துத்தான்.

அவர்கள் போகிற நாளன்று, காணியை என் பெயருக்கு எழுதுவதைப் பற்றிக் கேட்டேன். உறுதி எழுதும் நொத்தாரிசு ஊரில் இல்லையாம், அடுத்தமுறை கட்டாயமாம். ஒடியல் மாவும் மோர்மிளகாயும் கட்டிக் கொடுத்து, புளியங்குளம் சந்தி வரைக்கும் வான் வண்டியில் கூடப்போய் வழியனுப்பிவிட்டு, நான் பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, முதல் மழைக்கு அடுத்தநாள், வாசல் படலையில் நில அளவையாளர் ஒருவர் வந்து நின்றார். கூடவே வாங்கப்போகிறவரும் வந்திருந்தார். அண்ணா அனுப்பிய கடதாசியைக் காட்டினார்கள். ஆறு வரி இலக்கங்கள். பக்கத்தில் குரங்கு மரம், மண் கோட்டை, மாமியின் கல். பெயரைக்கூட அழிக்காமல் அனுப்பியிருந்தார்.

வளவுக்குள் நடந்த அவர்கள் பின்னாலேயே நானும் போனேன். அளவையாளர் தன் கருவியை நிறுத்தி ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் பெட்டி இருந்தது. கல்லடியில் நின்று தலையை ஆட்டினார்.

"போனில எடுத்தா இவ்வளவு சரியா வராது. ஆரோ வேலை தெரிஞ்ச ஆள்தான் எடுத்திருக்கு."

"நான்தான் எடுத்தனான்," என்றேன்.

"நல்லதாப் போச்சு அக்கா. அப்ப எல்லையில பிரச்சினை இல்லை," என்று எழுதிக்கொண்டார்.

அன்றைக்கே அண்ணாவுக்குப் போன் எடுத்தேன். "தனிய இருந்து என்ன செய்யப்போறாய்? வவுனியாவில வீடு பாத்துத் தாறன். உன்ர நன்மைக்குத்தான்," என்றார்.

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ காட்டியிருப்பியே?"

காட்டியிருக்கமாட்டேன். கூடப்பிறந்தவர் கழுத்தறுத்தார் என்பதைவிட, கத்தியை நானே தீட்டிக் கொடுத்தேன் என்பதுதான் நெஞ்சைப் போட்டு அரித்தது. பிள்ளையின் சின்னமும் பொய்யோ என்று கேட்டேன். இல்லையாம், அது உண்மையாம். போன கிழமை கிடைத்துவிட்டதாம்.

வாங்கினவரின் ஆட்கள் தென்னம்பிள்ளைகளுக்குள்ளால் வேலி போட அளவு பிடித்துக்கொண்டிருந்த நாளில், மருமகள் போனில் எழுதியிருந்தாள். "மாமி, எங்கட பெட்டியை ஆரும் கண்டுபிடிச்சவையோ?"

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம் எழுதியும்விட்டேன். பிறகு அழித்தேன். கல்லைத் தடவிய பிள்ளை அது.

"ஓம் பிள்ளை," என்று எழுதினேன். "ஆறையும் கண்டுபிடிச்சிட்டினம்."

உடனே கைதட்டுகிற படங்கள் வந்தன, திரை நிறைய.