கையை நீட்டச் சொன்ன செலின் அக்கா

செலின் அக்கா போய்விட்டார் என்று அவருடைய கணவர் கடைக்குத் தொலைபேசியில் சொன்னபோது நான் ஒருவருக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். "காலையில, ஆஸ்பத்திரியிலயே முடிஞ்சிடுச்சும்மா" என்றார். ரூ காய் தெருவின் தமிழ்க் கடைகளில் அவரைத் தெரியாதவர் குறைவு. பின்னேரத்துக்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. அவருக்கு ஐம்பத்து நான்கு வயது.

அவர் புதுச்சேரிக்காரர். இங்கே, இந்தப் பிரெஞ்சு நகரத்தில், ஒரு மருத்துவ நிலையத்தில் தாதியாக வேலை செய்தார். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு வந்திறங்கிய எங்களுக்கும் அவருக்கும் உறவோ ஊரோ கிடையாது. ஆனாலும் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியோடு எங்கள் கடைக்கு வருவார். அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து, சாமான் வாங்க வருகிறவர்களிடம் வயதைக் கேட்பார். முப்பது தாண்டியிருந்தால் கையை நீட்டச் சொல்வார்.

பக்கத்து உணவகத்தில் சமைத்த துரை அண்ணையும் அப்படித்தான் ஒருநாள் கையை நீட்டினார். அழுத்தம் மிகவும் கூடியிருந்தது. தனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இரத்த அழுத்தத்தை அவர் இங்கத்தையவர்கள் மாதிரித் தான்சியோன் என்பார்.

"தான்சியோனுக்கு வாய் கிடையாது தொரை. அது பேசுற அன்னிக்கு நீங்க பேச மாட்டீங்க."

துரை அண்ணைக்கு அப்போது இங்கே தங்குவதற்கான பப்பியே, பத்திரமே, இல்லை. அக்கா தெரிந்த வைத்தியர் ஒருவரைப் பிடித்து மருந்துக்கு வழி செய்தார். கொஞ்ச நாள் போட்டார். சுகமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார். அடுத்த குளிர்காலம் அடுப்படியில் விழுந்தார். இன்றைக்கும் அவருடைய வலக்கை மடியில் கிடக்கிறது, பேச்சு வரவில்லை.

பெண்களிடம் அவர் பட்ட பாடு இன்னும் பெரிது. மணமாகி இருபத்தைந்து வயது தாண்டியவர்கள் கர்ப்பப்பை வாயில் தடவி எடுக்கும் ஃப்ரொத்திச் சோதனை செய்ய வேண்டும், ஐம்பது தாண்டியவர்கள் மார்பைப் படம் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம். வருத்தம் ஒன்றும் இல்லாமல் ஏன் டொக்டரிட்டைப் போவான் என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"உங்க பாஷையில வருத்தம்னா நோய். எங்க பாஷையில துக்கம். நோய் வர்றதுக்கு முந்தியே போனா ரெண்டும் கொறையும்" என்றார்.

என்னை அவரே கூட்டிக்கொண்டு போனார். மறைப்புக்கு அந்தப் பக்கம் நின்று, டாக்டர் பிரெஞ்சில் சொன்னதையெல்லாம் மெல்லத் தமிழில் சொன்னார். என் சோதனையில் ஏதோ தெரிந்தது. புற்றாக மாறுவதற்கு முன்பே அதைச் சுட்டு எடுத்தார்கள். இதை நான் வெட்கப்படாமல் எழுதுகிறேன். அவர் இல்லாவிட்டால் எனக்குத்தான் யாராவது இப்படி எழுதியிருப்பார்கள்.

தன் வயதுக்கு உரிய எல்லாச் சோதனையும் அவர் தவறாமல் செய்துகொண்டார். எல்லாம் நன்றாகவே இருந்தன. போன இலையுதிர்காலத்தில் கண் மஞ்சளித்தது. கணையத்தில் புற்று, ஏற்கெனவே ஈரலுக்கும் பரவிவிட்டது. முன்கூட்டிக் கண்டுபிடிக்க இதற்கு ஒரு சோதனையும் இல்லை என்று டாக்டர் சொன்னாராம். நான் பார்க்கப் போனபோது அக்கா அதைப் பற்றிப் பேசவில்லை. புடவைக் கடை யோகம் அக்காவுக்கு மார்புப் படம் எடுக்கத் தான் முன்பதிவு செய்து வாங்கிக்கொடுத்த ரான்தேவு நாள் நெருங்குகிறது, அவரைக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னார். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

செலின் அக்காவின் இறுதிப் பூசை கோவிலில் முடிந்து அவர் வீட்டில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது யோகம் அக்காவிடம் அதைக் கேட்டேன்.

"எல்லாச் சோதினையும் செய்த மனிசி. என்னத்தைக் கண்டது? நான் வரேல்லை எண்டு சொல்லிப்போட்டன்" என்றார்.

சுற்றி இருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அது வேறு நோய், இது வேறு என்று விளக்கினேன். என் கதையையும் முழுதாகச் சொன்னேன். ஒருத்தி, "உங்களைக் கடவுள் பாத்தவர்" என்றாள். பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த அறையில் செலின் அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

இத்தனை வருடம் அக்கா வாசல் வாசலாகப் போய்ச் சொன்னதை அவருடைய சாவே பொய்யாக்கிவிட்டது போல இருக்கிறது. அதை மாற்றிச் சொல்ல எனக்கு அவருடைய நாக்கு இல்லை. போன கிழமையும் புடவைக் கடைக்குப் போய் யோகம் அக்காவைக் கேட்டுப் பார்த்தேன். அவர் சேலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

செலின் அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பழக்கம்தான். ஒரு நோவும் இல்லாத உடம்போடு, ஆண்டுக்கொருமுறை அந்த மருத்துவ நிலையத்தில் காத்திருப்போருக்கான வாங்கில் போய் உட்காருவேன். வரும் மாதமும் போவேன். வேறு யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.