அண்ணன் வீட்டுச் சார்ஜர்

என் அண்ணனைப் பார்க்கப் போவதற்கு எனக்கிருந்த ஒரே உறுதியான காரணம் ஒரு பேட்டரி. அந்தக் காரணம் இல்லாமல் போன பிறகுதான் அது தெரிந்தது.

தேக்காவில் தீபாவளிச் சந்தை கூடியிருந்த ஒரு சனிக்கிழமை, நானும் அவரும் பங்கு போட்டு, கம்பி இல்லாமல் பேட்டரியில் ஓடும் டிரில் ஒன்று வாங்கினோம். பெட்டிக்குள் டிரில் ஒன்று, பேட்டரி இரண்டு, சார்ஜர் ஒன்று. செங்காங்கில் எனக்குப் புது வீடு. திரைச்சீலைக் கம்பி, சாமி அலமாரி என்று எல்லாச் சுவரிலும் வேலை இருந்தது. அதனால் டிரில் என்னிடம். சார்ஜரை அண்ணன் உட்லண்ட்ஸுக்கு எடுத்துப் போய்விட்டார்.

"எல்லாமே உன்கிட்ட இருந்தா நான் எதுக்குடா பங்கு போட்டேன்?"

ஒரு பேட்டரி என் டிரில்லில், இன்னொன்று அவர் வீட்டில். என்னுடையது தீர்ந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போய் மாற்றிக்கொண்டு வருவேன். மாற்றிய மாதத்தைக் காகித நாடாவில் எழுதிப் பேட்டரியின் அடியில் ஒட்டுவது என் பழக்கம். "பேட்டரிக்கு ஜாதகம் எழுதுறான் பாரு," என்று அண்ணியிடம் சொல்லிச் சிரிப்பார். பிறகு எல்லைப் பாலத்து வாகன நெரிசல், நான் படித்துக்கொண்டிருக்கும் புத்தகம், அவருடைய முழங்கால் என்று பேச்சு இருட்டும் வரை போகும். சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லும் வழக்கம் எங்கள் இருவருக்குமே இருந்ததில்லை. பேட்டரி தீராத மாதங்களில், தேவையில்லாத இடத்திலும் துளை போட்டுத் தீர்த்திருக்கிறேன்.

ஒருநாள் நான் அங்கிருந்து மழையில் நனைந்து திரும்பியதைப் பார்த்த என் மகள், அடுத்த வாரமே ஒரு சார்ஜர் வாங்கி வந்தாள்.

"இதுக்காகவாப்பா அவ்ளோ தூரம் போறீங்க? இது ஒரு மணி நேரத்துல ஃபுல் ஆயிடும்லா."

அவள் சொன்னதில் தவறில்லை. ஒரு பேட்டரியே எனக்குப் போதும் என்றாகிவிட்டது. அந்த மாதம் உட்லண்ட்ஸ் போகவில்லை. அதற்கடுத்த மாதமும் போகவில்லை. பிறகு கல்யாண மண்டபங்களிலும் துக்க வீடுகளிலும்தான் சந்தித்தோம். அங்கெல்லாம் பக்கத்தில் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள்.

இந்த ஆண்டு பொங்கல் முடிந்த வாரம் அண்ணி ஃபோன் செய்தார். "உங்க அண்ணன் பாத்ரூம்ல வழுக்கிட்டாரு, தம்பி. அடி ஒண்ணும் பெருசா இல்ல. சுவத்துல கைப்பிடி ஒண்ணு மாட்டணும். டிரில் எடுத்துட்டு வர்றீங்களா?"

மறுநாள் காலை போனேன். கதவைத் திறந்த அண்ணன் கையில் தடி இருந்தது. எதற்கும் தேதி வைத்திருக்கும் எனக்கு, அவர் எந்த மாதம் தடி பிடித்தார் என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

கைப்பிடிக்கு நான்கு துளைகள் வேண்டும். மூன்றாவது பாதியில் இருக்கும்போது டிரில் முனகி நின்றது. வரும் அவசரத்தில் பேட்டரியைச் சார்ஜ் செய்ய மறந்திருந்தேன்.

"இரு, இங்க ஒண்ணு ஃபுல்லா இருக்கு." தடியை ஊன்றிப் போய், பழைய சார்ஜரில் பச்சை விளக்கோடு இருந்த இன்னொரு பேட்டரியைக் கழற்றி வந்தார். மாட்டினேன். ஒரு வேகம் எடுத்தது, உடனே படுத்துவிட்டது.

"என்னடா, பச்சை விளக்குதானே எரிஞ்சுது?"

"சோறு போட்டு வளர்க்காத குறைதான்," என்றார் அண்ணி. "எப்பவும் அந்த சார்ஜர்லேயே உட்கார்ந்திருக்கும். தூசி தட்டக்கூட எடுக்க விடமாட்டாரு."

"இவன் எந்த ஞாயித்துக்கிழமை வந்து நிப்பான்னு யாருக்குத் தெரியும்லா? வந்தா ஃபுல்லா குடுக்கணும்ல."

இந்த வகைப் பேட்டரியை எந்நேரமும் முழுதாக நிறைத்து வைத்தால், வேலையே செய்யாமல் அது கிழடாகிவிடும். நெடுநாள் வைப்பதென்றால் பாதியளவில் வைக்க வேண்டும். எப்போதோ படித்திருக்கிறேன். போய்வந்துகொண்டிருந்திருந்தால் அவரிடமும் சொல்லியிருப்பேன். திருப்பிப் பார்த்தேன். அடியில் என் கையெழுத்து மங்கிப்போயிருந்தது.

என் பேட்டரியை அவர் சார்ஜரில் போட்டுக் காத்திருந்தோம். அது பழைய சார்ஜர், மெதுவாகத்தான் ஏற்றும். அண்ணி தேநீர் வைத்தார். என்ன புத்தகம் படிக்கிறேன் என்று அண்ணன் கேட்டார். சொல்லிக்கொண்டே வந்தபோது பாதியில் கண்ணயர்ந்துவிட்டார். முன்பெல்லாம் குறுக்கே கேள்வி கேட்பவர். பச்சை விளக்கு வந்த பிறகும் அவரை எழுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவர் விழித்ததும் மிச்சத் துளைகளைப் போட்டுக் கைப்பிடியை மாட்டினேன். பிடித்து இழுத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

பேருந்து செங்காங்கை நெருங்கும்போது அண்ணி அழைத்தார்.

"தம்பி, உங்க பேட்டரி இங்கேயே இருக்கு. மறந்துட்டீங்களா?"

"இல்ல அண்ணி. சார்ஜர்ல போடாம சும்மா வெச்சிருங்க. ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன்."

அவர் அதை அண்ணனிடம் சொல்வது கேட்டது. அண்ணன் என்ன சொன்னார் என்பது மட்டும் காதில் விழவில்லை.